எந்திரனுக்குப் பின்னால் வந்த பறவை மனிதர்

(திரியாயில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"எந்திரன் அளவுக்கு 2.0 இருந்ததா?" என்பதுதான் எனக்குத் தரப்பட்ட கேள்வி. இளைஞர்கள் தந்த கேள்வி. என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஆனால் அந்த இரண்டாம் படத்துக்குள்ளே பறவைகளோடு வாழும் ஒரு கிழவரின் கதை இருக்கிறது. அது எந்திரனுக்குச் சற்றும் குறைந்ததில்லை. சில இடங்களில் அதற்கும் மேலே நிற்கிறது. அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டும் அந்தப் படம் ஏன் சறுக்கியது என்பதைத்தான் இன்றைக்குப் பேச விரும்புகிறேன்.

எந்திரன் 2010 ஒக்டோபர் 1ஆம் திகதி வெளிவந்தது. 2.0 வந்தது 2018 நவம்பர் 29. இரண்டையும் இயக்கியவர் ஷங்கர். இரண்டிலும் ரஜினிகாந்த். இரண்டுக்கும் ஏ. ஆர். ரஹ்மான் இசை. கணினி வரைகலையை மேற்பார்த்தவரும் இரண்டிலும் ஸ்ரீனிவாஸ் மோகன்தான். ஆகவே கை மாறிவிட்டது, அதனால் சுவை மாறிவிட்டது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. மாறிப்போன ஒரு முக்கியமான ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எந்திரனில் ஒரு காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு குடியிருப்பு எரிகிறது. ரஜினி நடித்த சிட்டி என்ற ரோபோ நெருப்புக்குள் பாய்ந்து ஆட்களை ஒவ்வொருவராகத் தூக்கிவந்து வெளியே விடுகிறான். கீழே நிற்கும் சனம் கைதட்டுகிறது. தியேட்டரும் சேர்ந்து கைதட்டுகிறது. டி.வி. கமராக்கள் சுற்றிலும் நிற்கின்றன. உள்ளே குளியலறையில் ஒரு பெண்பிள்ளை அகப்பட்டிருக்கிறாள். உடம்பில் துணி இல்லை. சிட்டிக்கு உயிர் என்றால் என்னவென்று தெரியும், வெட்கம் என்றால் என்னவென்று தெரியாது. அப்படியே தூக்கிவந்து கமராக்களுக்கு முன்னால் இறக்கிவிடுகிறான். அந்தப் பிள்ளை கூசிக் குறுகி, எல்லோருடைய கண்ணிலிருந்தும் தப்ப ஓடி, தெருவில் வந்த வாகனத்தில் அடிபட்டுச் செத்துப்போகிறாள்.

கைதட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கை அந்தரத்தில் நின்றுவிடும். பலசாலி வருவான், காப்பாற்றுவான், நாங்கள் விசில் அடிப்போம் என்றுதான் இந்த வகைப் படத்துக்குப் போகிறோம். எந்திரனோ பாதிப் படம் ஆகுமுன்னே, காப்பாற்றிய கையாலேயே ஓர் உயிர் போவதைக் காட்டிவிட்டது. பலம் இருக்கிறது, அதை எங்கே எப்படி வைப்பதென்ற அறிவு இல்லை. அங்கேதான் அந்தப் படம் விளையாட்டை விட்டு வேறொன்றாக மாறுகிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவனைப் படைத்த விஞ்ஞானி வசீகரன் அவனுக்கு உணர்ச்சியைப் புகட்டுகிறார். உணர்ச்சி வந்தவன் ஒரு பிள்ளைப்பேற்றையே பார்த்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறான். மகிழ்ச்சியில் வசீகரனின் காதலி சனா ஒரு முத்தம் கொடுக்கிறாள். அந்த முத்தத்தில் எல்லாம் குழம்பிப்போகிறது. இராணுவத்துக்கு முன்னால் ஆயுதமாக நிற்கவேண்டியவன் ரோசாப்பூவையும் காதலையும் பற்றிப் பேசுகிறான். பெற்றவரைப் போன்ற வசீகரனே கோடரி எடுத்து அவனை வெட்டிக் குப்பையில் போடுகிறார். குப்பையிலிருந்து எடுத்து, சிவப்புச் சிப் வைத்து அவனைக் கொலைகாரனாக்குவது வசீகரனின் ஆசானான போரா. கடைசியில் நீதிமன்றம் சிட்டியைக் கழற்றச் சொல்கிறது. வேறு யாரும் கழற்றவில்லை. அவனே பேசிக்கொண்டு, விடைபெற்றுக்கொண்டு, தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிவைக்கிறான். 2030இல் ஓர் அருங்காட்சியகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அவனை ஏன் கழற்றினார்கள் என்று கேட்கிறது. தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அவனே பதில் சொல்கிறான்.

சிந்திக்கத் தொடங்கிய ஓர் உயிரை நாங்கள் என்ன செய்வோம்? அடிமையாக வைப்போமா, ஆயுதமாக வைப்போமா, கழற்றி அலுமாரியில் வைப்போமா? எந்திரன் இந்தக் கேள்வியைத் திறந்தபடியே விட்டுவிட்டு முடிந்தது. இரண்டாம் பாகம் எடுக்கிறவருக்கு அதைவிடப் பெரிய சொத்து வேண்டியதில்லை.

இடையில் ரஜினியைப் பற்றி ஒன்று. சிவப்புச் சிப் வைத்த சிட்டியின் சிரிப்பும் நடையும் ஏன் அவ்வளவு பிடித்தது? பழைய ஆட்களுக்குத் தெரியும். 1976இல் மூன்று முடிச்சு, 1977இல் பதினாறு வயதினிலே. அதில் அவர் நடித்த அந்தப் பரட்டை, அந்தக் குரூரம், அந்தக் கிண்டல். நல்லவனாகவே நடித்து நடித்து அவர் புதைத்து வைத்திருந்த அந்த நடிகனை ஷங்கர் தோண்டி எடுத்தார். அறுபதை நெருங்கிய ஒருவர் தன் இருபதுகளைத் திரும்ப நடித்தது அது. எந்திரனுக்குள்ளேயே பரட்டையின் இரண்டாம் பாகம் ஒன்று இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

இனி, மாறிப்போன அந்த ஆள். எழுத்தாளர் சுஜாதா 2008 பெப்ரவரி 27ஆம் திகதி காலமானார். எந்திரனின் வசனத்தில் ஷங்கர், மதன் கார்க்கி ஆகியோரோடு அவர் பெயரும் உண்டு. படத்தை அவர் பார்க்கவில்லை. 2.0வுக்கு ஷங்கருடன் சேர்ந்து எழுதியவர் ஜெயமோகன். ஜெயமோகன் பெரிய எழுத்தாளர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பறவைக் கிழவரின் பகுதியில் கேட்கும் ஆழமான குரல் அவருடையது என்றே என் மனம் சொல்கிறது. ஆனால் சுஜாதாவுக்கு இயந்திரத்தோடு ஒரு தனி உறவு இருந்தது. அவருடைய என் இனிய இயந்திரா நாவலை வாசித்தவர்கள் கை உயர்த்துங்கள் பார்ப்போம். நல்லது, இவ்வளவு பேர் இருக்கிறீர்கள். ஜீனோ என்ற அந்த நாய்க்குட்டி ரோபோவிடம் என்ன பலம் இருந்தது? ஒருவரை அடித்து வீழ்த்தும் பலம் இல்லை. அதனிடம் இருந்தது வாசிப்பும் வாயும் மூளையும். நிலா என்ற சாதாரணக் குடும்பப் பெண் நாட்டை ஆள்பவனையே எதிர்க்கும் நிலைக்கு வருவாள். ஜீனோ அவள் பக்கத்தில் நிற்கும். அதன் இரண்டாம் பாகமாக மீண்டும் ஜீனோ வந்தபோதும் சுஜாதா நாய்க்குட்டியைப் பெரிதாக்கவில்லை, அதற்குச் சிறகு முளைக்க வைக்கவில்லை. அது இன்னும் கூடுதலாக யோசித்தது. 2.0விலும் நிலா என்ற பெயரில் ஒரு பெண் ரோபோ வருகிறது. அதற்குச் செய்ய மிகக் கொஞ்சமே கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் பாகம் எழுதுவது நமக்குப் புதிதில்லை, பிள்ளைகளே. தமிழில் அதற்கு மிகப் பழைய உதாரணம் உண்டு. கம்பன் முடிசூட்டோடு நிறுத்திய கதைக்கு உத்தர காண்டம் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பார்கள். அதை எடுத்துப் படிப்பவர் குறைவு. ஆனால் சிலப்பதிகாரத்துக்குப் பின் வந்த மணிமேகலையை இரட்டைக் காப்பியம் என்று முதலாவதற்குச் சமமாகவே உட்கார வைத்திருக்கிறோம். ஏன்?

கண்ணகியை விடப் பலமுள்ள ஒருத்தி நம் இலக்கியத்தில் யார்? ஒரு பெண்ணின் சினத்தில் மதுரை எரிந்தது. அதற்குப் பிறகு கதை சொல்ல வருகிறவருக்கு இலகுவான வழி என்ன? கோவலன் மகளைக் கொண்டு இரண்டு நகரத்தை எரிப்பது. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் அதைச் செய்யவில்லை. மாதவி பெற்ற பிள்ளையை எடுத்தார். அவளுக்கும் சக்தி கொடுத்தார், கொடுக்காமல் இல்லை. மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் சொல்லித்தருகிறது: வானத்தில் போகலாம், வேற்றுருவம் எடுக்கலாம், பசியைத் தாங்கலாம். இன்றைக்கு ஹொலிவூட்டில் எந்த நாயகிக்கும் இதற்குமேல் தருவதில்லை. ஆனால் அவள் கையில் வருவது ஆயுதம் இல்லை, அமுதசுரபி. மணிபல்லவத்தில், நயினாதீவு என்று நம்மவர்கள் சொல்லும் அந்தத் தீவில், கோமுகிப் பொய்கையிலிருந்து அவளுக்கு அது கிடைக்கிறது. அதைக் கொண்டு யானைத்தீ என்ற தீராப் பசியால் வாடிய காயசண்டிகைக்குச் சோறு போடுகிறாள். அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். பிறகு அதே அரசன் அவளையே சிறையில் போடுகிறான்.

அதைவிடப் பெரிய ஒன்றைச் சாத்தனார் செய்கிறார். வஞ்சி நகருக்குப் போகும் மணிமேகலை அங்கே கண்ணகியின் படிமத்துக்கு முன்னால் நிற்கிறாள். கண்ணகி அவளோடு பேசுகிறாள். மதுரையைச் சினத்தால் எரித்தேனே, அந்த வினையின் பயனை நானும் அனுபவிக்க வேண்டியவள்தான் என்ற பொருளில் பேசுகிறாள். யோசித்துப் பாருங்கள். முதல் கதையின் பத்தினித் தெய்வத்தை இரண்டாம் கதை கூப்பிட்டு நிறுத்தி, நீ செய்தது உனக்கு என்ன தந்தது என்று கேட்கிறது. மரியாதை குறையாமல் கேட்கிறது. கிழக்கில் உள்ள நமக்கு இது நன்றாகவே விளங்கும். வைகாசிச் சடங்கில் குளிர்த்தி பாடிக் கண்ணகி அம்மனின் வெக்கையை ஆற்றுகிறவர்கள் நாங்கள். எரித்தவளை வணங்கவும் செய்கிறோம், அந்த எரிவைத் தணிக்கவும் செய்கிறோம்.

இந்த ஊரில் நின்று மணிமேகலையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. இங்கே குன்றில் உள்ள பழைய கல்வெட்டு வடமொழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் வெட்டப்பட்டது. திரபுசகன், வல்லிகன் என்ற வணிகர் பெயர்களும் அவலோகிதேசுவரர் பெயரும் அதில் வருகின்றன. கடலோடிகளை ஆபத்தில் காக்கிறவர் என்று அவலோகிதரை நம்பினார்கள். மணிமேகலா தெய்வமும் கடலில் காக்கும் தெய்வம்தான். கடலில் தத்தளிக்கிறவனைத் தூக்கிவிட ஒரு கை வரும் என்ற நம்பிக்கை இந்தக் கரைக்கு நேற்று வந்தது இல்லை.

சரி, சாத்தனாரின் அளவுகோலை எடுத்துக்கொண்டு 2.0வுக்கு வருவோம். அதற்கு முன் வெளியுலகத்திலிருந்து இரண்டு உதாரணம், சுருக்கமாக. ஜேம்ஸ் கமரூன் 1984இல் டெர்மினேட்டர் எடுத்தார். அதில் இயந்திரம் கொல்ல வந்தது. 1991இல் இரண்டாம் பாகம் எடுத்தபோது அதே முகமுள்ள இயந்திரத்தைக் காவலுக்கு அனுப்பினார். மனிதர் ஏன் அழுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் தன்னை உருக்கிவிடும்படி தானே கேட்கிறது அது. அதைப் பார்த்தவர்களுக்கு எந்திரனின் முடிவு ஒரு தூரத்து உறவாகத் தெரியும். மற்றது சாம் ரைமியின் ஸ்பைடர்மேன் 2, 2004. ஓடும் ரயிலை நிறுத்திவிட்டு அந்தப் பெடியன் மயங்கி விழப் போகிறான். முகமூடி இல்லை. பயணிகள் அவனைக் கைகளில் ஏந்தித் தலைக்கு மேலாக உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகத்தைப் பார்த்தால் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் போல ஒரு சின்னப் பெடியன். ஒருவரும் வெளியே சொல்வதில்லை என்று இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காப்பாற்றுகிறவனைச் சனம் காப்பாற்றும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அந்த இரண்டாம் பாகம் முதலாவதை மிஞ்சியது என்று நான் எண்ணுகிறேன். அங்கே பலத்தைக் கூட்டவில்லை. அந்தப் பலத்துக்கு அவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதைக் காட்டினார்கள்.

2.0 ஒரு கிழவர் கைத்தொலைபேசி டவரில் ஏறித் தூக்கிட்டுக்கொள்வதோடு தொடங்குகிறது. அடுத்த நாளிலிருந்து ஊரில் உள்ள போன் எல்லாம் கையைவிட்டுப் பறந்து போகின்றன. இரவில் போன்கள் தெருவை மூடிக்கொண்டு வெளிச்சமாக நகரும் காட்சி இருக்கிறதே, அதைப் போன்ற ஒன்றைத் தமிழ் சினிமா அதற்கு முன் காட்டியதில்லை. முப்பரிமாணத்துக்கென்றே எடுத்த படம். அந்தக் காட்சியைத் தியேட்டரில் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். போன்கள் சேர்ந்து ஒரு மாபெரும் பறவையாகின்றன. போன் வியாபாரியைக் கொல்கிறது, டவர் முதலாளியைக் கொல்கிறது, அமைச்சரைக் கொல்கிறது. அரசுக்கு வேறு வழியில்லை. அருங்காட்சியகத்திலிருந்து சிட்டியை எடுத்துப் பூட்டச் சொல்கிறார்கள்.

இங்கேதான் முதல் சறுக்கல். சிந்தித்ததற்காகக் கழற்றப்பட்டவன் எட்டு வருடத்துக்குப் பிறகு கண் திறக்கிறான். அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கழற்றினீர்களே, இப்போது மட்டும் ஏன் வேண்டியிருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை. சனாவை நினைத்து உருகியவனுக்குச் சனா எங்கே? அவள் முழுப்படத்திலும் போனில் வரும் ஒரு குரல். கோடரியால் வெட்டிய வசீகரனோடு அவனுக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டாமா? படம் அவனை எழுப்பியது அடிபடுவதற்கும் அடிப்பதற்கும். முதல் படத்தில் வசீகரனுக்கும் போராவுக்கும் நடந்த வழக்கே, இவன் ஆயுதமா ஆளா என்பதுதான். இரண்டாம் படம் சத்தமில்லாமல் போராவின் பக்கம் தீர்ப்பெழுதிவிட்டது.

அதன்பிறகு டவரில் தூக்கிட்டுக்கொண்ட அந்தக் கிழவர் பட்சிராஜனின் கதை வருகிறது. அக்‌ஷய் குமார். இந்தியாவின் பெரிய பறவையியலாளர் சாலிம் அலியை நினைத்து உருவாக்கிய பாத்திரம் என்று சொல்லப்பட்டது. சாலிம் அலி தன் சுயசரிதைக்கே ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். இந்தக் கிழவர் வளர்க்கும் பறவைகள் ஒவ்வொன்றாக விழுந்து சாகின்றன. அவர் அவற்றை அள்ளிக்கொண்டு அதிகாரிகளிடம் போகிறார், கம்பெனிக்காரரிடம் போகிறார், மேசை மேசையாக ஏறி இறங்குகிறார். ஒருவருக்கும் காது இல்லை. கூடு முழுக்கச் செத்துக் கிடக்கும் பறவைகளுக்கு நடுவில் அவர் குந்தியிருக்கும் இடத்தில் படம் தன் கூச்சலை எல்லாம் நிறுத்திவிட்டு மூச்சுவிடுகிறது. ரஹ்மானின் இசையும் அங்கே வேறாகிவிடுகிறது. முதல் படத்தின் தீக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க பகுதி இதுதான். இவர் செய்த குற்றம் என்ன? அவரும் மற்றவர்கள் யோசிக்காத ஒன்றை யோசிக்கத் தொடங்கினார். எந்திரனில் சிட்டிக்கு நடந்ததுதான் இவருக்கும் நடந்தது. சிட்டியின் உண்மையான இரண்டாம் பாகம் பட்சிராஜன்தான்.

இந்தக் கதையை இந்த ஊரில் பார்க்கும்போது எனக்கு இன்னொரு யோசனையும் வரும். படம் போனை வில்லனாக்குகிறது. சென்னைத் தெருவில் எந்நேரமும் திரையைப் பார்த்து நடப்பவர்களைக் காட்டி அது எங்களைக் கண்டிக்கிறது. ஆனால் நம்முடைய அனுபவம் வேறு. 1985இல் இந்த ஊர் எரிந்தது. சனம் திருகோணமலை, முல்லைத்தீவு, இந்தியா என்று சிதறி, பிறகு லண்டன், கனடா, சுவிஸ் வரை போனது. திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கிக் குந்தியது பல வருடத்துக்குப் பிறகு. ஒரு காலத்தில் பிள்ளையோடு பேச டவுனுக்குப் போய், கொமினிக்கேசன் கடை வாசலில் முறை பார்த்துக் காத்துக்கிடந்தார்கள். கோலிங் காட் முடிந்துபோகும் என்ற பதற்றத்திலேயே பாதிப் பேச்சுப் போய்விடும். பேரப்பிள்ளையின் முகத்தை முதன்முதலாகப் போன் திரையில் பார்த்த அம்மம்மாமார் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். அந்தப் போனைத் தூக்கி எறி என்று யார் உங்களுக்குச் சொல்ல முடியும்?

இந்தப் படத்தைத் தயாரித்த லைக்காவின் நிறுவனர் சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவில் பிறந்தவர். 2006இல் லண்டனில் லைக்கா மொபைல் தொடங்கி, வெளிநாட்டுக்குக் குறைந்த செலவில் பேசும் சிம் விற்று வளர்ந்த நிறுவனம் அது. புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குப் பேசிய பேச்சில் சேர்ந்த பணத்தில், போன் பறவையைக் கொல்கிறது என்று சொல்லும் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த இரண்டு உண்மையும் ஒரே ஆளுக்குள், ஒரே வீட்டுக்குள் இருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. எனக்கு மகனோடு பேசவும் வேண்டும், முற்றத்தில் குருவியும் வேண்டும். இந்த இழுபறியைப் படம் பேசியிருந்தால் திரியாயில் இருக்கிற ஒரு தாய்க்கும் அது தன் படமாக இருந்திருக்கும். படம் அதைத் தொடவில்லை.

அறிவியலும் படம் சொல்வதைப்போல அவ்வளவு நேரானது இல்லை. படம் வெளிவருமுன்னே இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைச் சபையிடம் முறைப்பாடு செய்தது. வியாபாரிகள் தங்கள் வியாபாரத்துக்காகப் பேசினார்கள், அது இருக்கட்டும். ஆனால் 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவி நாடளவில் பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. டவர்தான் காரணம் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. கூடு கட்டப் பொந்து இல்லாத புது வீடுகள், குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லாமை, வயலுக்கு அடிக்கும் நாசினி இவையெல்லாம் கணக்கில் வரும். மறுபக்கம், 2014இல் ஜெர்மனியில் ஒல்டன்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நகரத்து மின்காந்த இரைச்சல் வலசைப் பறவைகளின் திசையறியும் புலனைக் குழப்புகிறது என்று நிறுவினார்கள். ஆனால் அந்த அலைவரிசை பழைய நடுத்தர அலை வானொலிப் பக்கத்தது, கைத்தொலைபேசியினது இல்லை. ஆக, பட்சிராஜனின் பயம் வெறும் கற்பனையும் இல்லை, அவர் சொல்வது அப்படியே நிரூபணமானதும் இல்லை.

இதைச் சொல்வது படத்தை மட்டம் தட்டுவதற்கு இல்லை. பறவை நமக்கு அயலான விஷயமே இல்லை. வடக்கே கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். ஒக்டோபருக்குப் பிறகு வடதிசையிலிருந்து வரும் வலசைப் பறவைகள் இறங்கும் கரை இது. தெற்கே நிலாவெளிக்கு எதிரே புறாமலை. மாடப்புறாக்கள் குடியிருப்பதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. வயலில் மருந்தடிக்கிறவர்களும் நாங்கள்தான், கூழைக்கடா வந்திருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டுகிறவர்களும் நாங்கள்தான். பட்சிராஜன் நம்மிடம் வந்து பேசியிருந்தால் வயல் வரம்பில் வைத்தே ஒரு விவாதம் நடந்திருக்கும். யாராவது ஒருவர் அவரோடு வாதாடியிருந்தால் படம் எவ்வளவு உயர்ந்திருக்கும்!

வாதாட்டம் நடக்கவில்லை. நடந்தது என்ன? சாதாரணச் சிட்டியால் முடியாதபோது நிலா அவனுக்குச் சிவப்புச் சிப்பைப் பூட்டுகிறாள். பழைய சிரிப்பு திரும்புகிறது, தியேட்டர் அலறுகிறது. முதல் படத்தில் எது பேரழிவோ அதுவே இரண்டாம் படத்தில் பரிகாரம். அதுவும் போதாமல் கடைசியில் குட்டி ரோபோக்கள் புறாக்களின் மேல் ஏறி வருகின்றன. பறவைக்கு அடிக்கப் பட்சிராஜனுக்குக் கை எழும்பாது. அந்தப் புறாக்களைக் கொல்வோம் என்று மிரட்டித்தான் அவரை மடக்குகிறார்கள்.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். பறவைமேல் அந்தக் கிழவருக்கு இருக்கும் பாசம் ஒன்றுதான் அந்தப் படத்தில் களங்கமில்லாத பொருள். அதைப் பிடித்து அவர் கழுத்தில் சுருக்காகப் போட்டவர்கள் நாயகன் பக்கத்தவர்கள். படம் அதைக் கெட்டித்தனமாகக் காட்டிச் சிரிக்கச் சொல்கிறது. முதல் படத்தின் ஷங்கர், காப்பாற்றியவன் கையால் ஒரு பெண்பிள்ளை இறந்தபோது தியேட்டரைத் தலைகுனிய வைத்தவர். அதே கை இந்தப் புறாக் காட்சியில் கொஞ்சமும் தயங்கவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. முடிவில் வசீகரன் வேறோர் அமைச்சரிடம் கைத்தொலைபேசிப் பாவனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று எடுத்துச் சொல்வது உண்மை. நாலு வசனம். செத்தவர் சொன்னது சரி என்று அவர் செத்தபிறகு, இரண்டாம் தடவையும் அழிக்கப்பட்ட பிறகு, மேசையில் இருந்து ஒத்துக்கொள்கிறார்கள்.

2021இல் வந்த மின்னல் முரளி என்ற மலையாளப் படத்தை உங்களில் பலர் தமிழில் பார்த்திருப்பீர்கள். நம்முடைய குரு சோமசுந்தரம் அதில் ஷிபுவாக வருவார். ஊர் ஒதுக்கிவைத்த மனிதன், வில்லனாகிறான். அந்தப் படம் அவனை அழிக்கும்வரைக்கும் அவனுடைய துக்கத்தை மதித்தது. பார்த்தவர்கள் நாயகனுக்காக அழாமல் அவனுக்காக அழுதார்கள். பட்சிராஜனைச் செத்த பறவைகளுக்கு நடுவில் குந்தவைத்தபோது 2.0வும் அந்த உயரத்தில்தான் நின்றது. விளையாட்டு மைதானத்துச் சண்டைக்கு இறங்கியபோது அதை விட்டுவிட்டது. அதே இயக்குநரின் இந்தியன் 2, 2024இல் வந்தபோது இதே நோய் இன்னும் முற்றிப்போயிருந்தது. முதல் பாகத்தின் நாயகன் சேனாபதி திரும்பி வந்தார், மகனையே கொன்ற தந்தையின் பாரம் திரும்பி வரவில்லை.

பெரிய திரை, பெரிய பணம், முப்பரிமாணம் இவற்றால்தான் படம் கெட்டது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிரம்மாண்டத்துக்கு நான் எதிரி இல்லை. மதுரை எரிந்ததைவிடப் பிரம்மாண்டம் ஏது? பணம் போன இடத்தில் பேச்சும் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் நடந்திருக்க வேண்டிய ஒரு காட்சி என் மனதில் கிடக்கிறது. சிட்டியும் பட்சிராஜனும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவனை நீதிமன்றம் கழற்றியது. மற்றவரைக் கேட்க ஆளில்லாத ஊர் தூக்கில் ஏற்றியது. இருவருக்கும் சாவு எப்படி இருக்கும் என்று தெரியும். மனிதர்களைக் கொன்றுவிட்டுப் பிறகு வருந்தித் தன்னைத் தானே கழற்றிக்கொண்டவன் சிட்டி. சினத்தால் கொன்றால் பிறகு என்ன மிஞ்சும் என்று அந்தக் கிழவருக்குச் சொல்லத் தகுதி உள்ள ஒரே ஆள் அந்தப் படத்தில் அவன்தான். வஞ்சியில் கண்ணகி மணிமேகலைக்குச் சொன்னதைப்போல அவன் சொல்லியிருக்கலாம். பட்சிராஜனும் அவனிடம் கேட்டிருக்கலாம்: உன்னைக் கழற்றியவர்களுக்காக நீ ஏன் என்னை அடிக்கிறாய்? அந்தக் கேள்விக்குச் சிட்டியிடம் என்ன பதில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவேண்டும். குட்டி 3.0வைக் காட்டி மூன்றாம் பாகத்துக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். எடுத்தால் அந்தப் பேச்சிலிருந்து தொடங்கட்டும்.

இனி நீங்கள் பேசுங்கள். 2.0தான் உயர்ந்த படம் என்று நினைக்கிற பிள்ளைகள் முன்வரிசையிலேயே சிலர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் அவர்கள் எழும்பிச் சொல்லட்டும்.